வாங்க ஒரு படி, விற்க ஒரு படி

எங்கள் தெரு முனையில் உள்ள காப்பிக் கடைக்குக் காலை ஏழு மணிக்கு நான் போவது காப்பிக்காக மட்டுமே என்று சொன்னால் அது பொய். அங்கே தினந்தோறும் இரண்டு பெரியவர்கள் வருவார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மற்றவர் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருப்பவர். ஒருவர் ஒரு கட்சி. மற்றவர் அதற்கு நேர் எதிர்க் கட்சி. இருவருக்கும் நாற்பது வருஷத்துச் சிநேகம். இருவர் பேச்சையும் காது கொடுத்துக் கேட்பது கதை எழுதுகிறவனுக்கு ஒரு பயிற்சி.

சில மாதங்களுக்கு முன்பு தலைமையாசிரியரின் கட்சியைச் சேர்ந்த ஒரு பிரமுகர்மீது அசிங்கமான புகார் ஒன்று கிளம்பியது. மண்டிக்காரருக்கு அன்று காப்பி வழக்கத்தைவிட இனித்தது.

"என்ன வாத்தியார் ஸார், பேப்பர் பார்த்தீங்களா? ஒரு நிமிஷம்கூட அந்த ஆளைப் பதவியிலே வச்சிருக்கக் கூடாது, ஸார்" என்றார்.

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "புகார்தானே முதலாளி? இன்னும் ருசுவாகலையே. கோர்ட்டு இருக்கு, சட்டம் இருக்கு. அதுக்குள்ளே நாம தீர்ப்புச் சொல்லலாமா?" என்றார்.

இரண்டு மாதம் கழியவில்லை. மண்டிக்காரரின் கட்சியில் வேறொருவர்மீது அதே ஜாதிப் புகார் வந்தது. நான் அன்று சற்று முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டேன். நடந்தது இதுதான்: தலைமையாசிரியர் "ஒரு நிமிஷம்கூட வச்சிருக்கக் கூடாது" என்றார், மண்டிக்காரர் "ருசுவாகலையே" என்றார். நாடகத்தில் வேஷத்தை மாற்றிக் கொண்டார்களே ஒழிய, வசனத்தை மாற்றிக் கொள்ளவில்லை. இதில் எனக்கு வியப்பூட்டியது அவர்களுடைய பாரபட்சம் அன்று. இருவரும் மனதாரப் பேசினார்கள் என்பதுதான். இரண்டு மாதத்துக்கு முன்பு தாம் சொன்னது ஒருவருக்காவது நினைவில் இல்லை.

இத்தனைக்கும் அந்த மண்டிக்காரர் வியாபாரத்தில் நேர்மையானவர் என்று ஊரறியும். அவர் மண்டியில் எடைக்கல் முத்திரையிட்டது. நெல் வாங்குகையில் ஒரு படி, அரிசி விற்கையில் ஒரு படி என்று வைத்திருக்கும் வியாபாரியைப் பற்றிச் சொன்னால் அவர் முகம் சுளிப்பார். கடையில் செய்யக் கூசுவதைக் காப்பிக் கடையில் கூசாமல் செய்கிறார். அவர் மட்டுமா? நாம் எல்லோரும்தான்.

நான் அரசியல்வாதி அல்லன். சட்டமும் படித்தவனல்லன். ஆனால் ஒரு பாத்திரம் பேசுகிற பேச்சு உண்மையா, ஆசிரியன் வாயில் திணித்ததா என்று பார்ப்பது என் தொழில். அந்தத் தொழில் முறையிலேயே கட்சிகள் விடுகிற அறிக்கைகளைச் சில காலமாகப் படித்து வருகிறேன். ஊழலோ ஒழுக்கக் கேடோ வெளியானவுடன் கட்சித் தலைமையிலிருந்து வருகிறதே அறிக்கை, அதுவும் ஓர் இலக்கிய வகை. வெண்பாவுக்கு இலக்கணம் இருப்பது போல் இதற்கும் இலக்கணம் இருக்கிறது.

முதல் அறிக்கை, 'இது எங்கள் கட்சியின்மீது சுமத்தப்பட்ட அவதூறு' என்று ஆரம்பிக்கும். இரண்டாவது அறிக்கை புகாரின் காலத்தை ஆராயும்: 'தேர்தல் வரும் சமயத்தில் இது ஏன்?' மூன்றாவது, புகார் சொன்னவரின் பூர்வோத்தரத்தை ஆராயும். நான்காவது, எதிர்க் கட்சியின் பழைய பாவங்களைப் பட்டியல் போடும். ஐந்தாவது, வேறு வழியே இல்லாமற் போன பிறகு, 'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்று முடியும். இந்த ஐந்தில் எதிலும் 'நடந்தது என்ன?' என்ற கேள்வி வராது. கதையின் மையச் சம்பவத்தையே விட்டுவிட்டு ஐந்து அத்தியாயம் எழுதுகிற வித்தை எங்களுக்கெல்லாம் கைவராதது.

எப்போதும் இப்படித்தானா என்று கேட்கலாம். பழைய சரித்திரத்தைப் புரட்டினால் மூன்று நான்கு இடங்களில் மனம் நின்று யோசிக்கிறது.

1951-ஆம் வருஷம். நாடு சுதந்திரமடைந்து நான்கு ஆண்டுகள். முதல் பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. எச். ஜி. முத்கல் என்ற காங்கிரஸ் அங்கத்தினர், பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சாதகமாகப் பார்லிமெண்டில் காரியம் பார்த்தார் என்று புகார். சம்பந்தப்பட்ட தொகை சில ஆயிரம் ரூபாய். இன்றைய கணக்கில் சிரிப்புக்குரியது. கட்சியின் தேர்தல் நிர்வாகி ஒருவரிடம் யோசனை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'ஆளைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். தேர்தலில் டிக்கெட் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். சத்தம் வேண்டாம்' என்றிருப்பார்.

பிரதமர் நேரு அப்படிச் செய்யவில்லை. தம் கட்சி அங்கத்தினரின் நடத்தையை விசாரிக்க ஒரு கமிட்டி வேண்டுமென்று ஜூன் மாதம் தாமே சபையில் தீர்மானம் கொண்டு வந்தார். கமிட்டி விசாரித்தது. நடத்தை சபையின் கௌரவத்துக்குக் குறைவானது என்று கண்டது. செப்டம்பரில் சபை விவாதித்தது. வெளியேற்றும் தீர்மானம் ஓட்டுக்கு வருமுன் முத்கல் ராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். சபை அதோடு விடவில்லை. அவர் வெளியேற்றத்துக்கு உரியவர்தாம் என்றும், ராஜிநாமாக் கடிதத்தின் வாசகமே சபையை அவமதிப்பது என்றும் தீர்மானம் செய்தது. கதவைத் தானே திறந்துகொண்டு போனவரை நாம் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதாகவே எழுதி வைக்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தில் ஓர் அழகு இருக்கிறது.

அந்தக் கமிட்டியின் தலைவர் யார் தெரியுமா? நம் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. இந்தப் பெயரை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வருஷம் கழித்து அவர் நிதி மந்திரி. 1956-ல் தேசியமயமாகி உருவான ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனில் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் மாதா மாதம் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரீமியப் பணம் குவிந்திருந்தது. என் பாட்டனாருடைய முதல் பாலிசியும் அந்தக் காலத்ததே. 1957 ஜூனில் அந்தப் பணத்திலிருந்து சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயை எடுத்து, ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் பங்கு வாங்கினார்கள். முதலீட்டுக் கமிட்டியைக் கேட்கவில்லை. முந்த்ராவின் வியாபார நிலைமையும் யோக்கியதையும் சந்தைக்குத் தெரிந்திருந்தன.

அந்த வருஷம் டிசம்பரில் இதை லோக்சபையில் உடைத்துப் பேசியவர் எதிர்க் கட்சிக்காரர் அல்லர். காங்கிரஸ் அங்கத்தினர் பெரோஸ் காந்தி, பிரதமரின் மாப்பிள்ளை. மாமனாரின் மந்திரிசபையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார் அவர். பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா தனி ஒருவராக விசாரணைக் கமிஷனாக நியமிக்கப்பட்டார். விசாரணை பகிரங்கமாக நடந்தது. பொதுமக்கள் திரண்டு வந்து கேட்டார்கள். சுமார் ஒரு மாதத்துக்குள், 1958 பிப்ரவரியில் அறிக்கை வந்துவிட்டது. ஓர் இலாகாவின் காரியதரிசி செய்த காரியத்துக்கு மந்திரி பொறுப்பேற்றே ஆக வேண்டும். எனக்குத் தெரியாது என்று கையை உதற முடியாது என்பது சாக்ளாவின் முடிவு. முத்கலை விசாரித்த கமிட்டியின் தலைவர் அந்த மாதமே ராஜிநாமாச் செய்தார்.

நாவலாசிரியன் ஒருவன் இப்படிக் கதையை அமைத்தால், 'இவ்வளவு பொருத்தமாக வாழ்க்கையில் நடக்குமா?' என்று விமரிசகர்கள் கேட்பார்கள். பிறர் குற்றத்தை அளந்த படியாலேயே தம் பொறுப்பும் அளக்கப்படும் நாள் ஒருவருக்கு வருவது சரித்திரத்தில் அபூர்வம். அப்படி வந்தபோது படி மாறவில்லை என்பதுதான் அந்த ஆண்டுகளின் பெருமை.

ஆனால் இங்கேயே நிறுத்தினால் நானும் ஒரு கட்சி அறிக்கை எழுதினவன் ஆவேன். அந்தக் காலம் பொற்காலம், இந்தக் காலம் கலிகாலம் என்று முடிப்பது சுலபம், அது உண்மையுமல்ல. பெரோஸ் காந்தி வாய் திறந்திராவிட்டால் முந்த்ரா விவகாரத்தைக் காங்கிரஸ் கட்சி தானாக வெளியே கொண்டுவந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? ராஜிநாமாச் செய்த மந்திரி 1962-ல் மறுபடி மந்திரிசபைக்கு வந்தார். அடுத்த வருஷம் அதே நிதி இலாகா அவர் கைக்குத் திரும்பியது. முத்கல் விஷயத்தில் அத்தனை கறாராக இருந்த நேருவே, பஞ்சாப் முதல் மந்திரி பிரதாப் சிங் கைரோன் விஷயத்தில் வேறு மனிதராக இருந்தார். கைரோனின் மக்களும் சுற்றத்தாரும் அவர் அதிகாரத்தின் நிழலில் செல்வம் சேர்க்கிறார்கள் என்று பல வருஷங்களாகப் புகார் வந்துகொண்டிருந்தது. கைரோன் திறமைசாலி, பஞ்சாபுக்கு அவர் வேண்டும் என்ற எண்ணம் குறுக்கே நின்றது. கடைசியில் 1963-ல் எஸ். ஆர். தாஸ் கமிஷன் வந்தது. அதன் அறிக்கை வந்து 1964 ஜூனில் கைரோன் ராஜிநாமாச் செய்தபோது நேரு உயிரோடில்லை.

முத்கலுக்கு ஒரு நீதி, கைரோனுக்கு ஒரு நீதி ஏன்? முத்கல் கட்சிக்கு வேண்டியவரல்லர், கைரோன் வேண்டியவர். பதில் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். நல்ல மனிதர்களின் தராசும் வேண்டியவர் பக்கம் சாயத்தான் செய்கிறது. அதனால்தான் தராசை மனிதர்களின் நல்ல குணத்திடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது.

இதை அன்றே உணர்ந்தவர் ஒரு தமிழர். தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பழைய காங்கிரஸ்காரர் கே. சந்தானம். அவர் தலைமையில் 1962-ல் அமைந்த லஞ்ச ஒழிப்புக் கமிட்டி 1964-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பயனாக வந்ததே மத்திய கண்காணிப்புக் கமிஷன். உத்தியோகஸ்தர்களைப் பற்றி மட்டும் எழுதி முடித்திருந்தால் யாருக்கும் வருத்தமிராது. மந்திரிகளிலும் நாணயம் தவறியவர்கள் உண்டு என்ற பொது அபிப்பிராயத்தையும் அந்த அறிக்கை மறைக்காமல் எழுதியது. தம் கட்சி ஆண்டுகொண்டிருக்கும்போது எழுதியது.

நம் நாட்டை விட்டுச் சற்று வெளியே பார்ப்போம். அமெரிக்காவில் 1972 ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் சிலர் புகுந்து பிடிபட்டார்கள். அந்த நவம்பரில் ஜனாதிபதி நிக்ஸன் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதில் வென்றார். ஜனங்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள் என்ற வாதம் அங்கும் உண்டு. அவருடைய குடியரசுக் கட்சியில் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்கு மேல் அவர் பக்கமே நின்றார்கள். நான் மேலே சொன்ன ஐந்து வகை அறிக்கைகளும் ஆங்கிலத்தில் அச்சாயின. 1974 ஜூலையில் பிரதிநிதிகள் சபையின் நீதிக் கமிட்டி, குற்றச்சாட்டின் முதல் பிரிவை 27-க்கு 11 என்று நிறைவேற்றியபோது, குடியரசுக் கட்சியினர் ஆறு பேர் ஆதரவாக ஓட்டளித்தார்கள். அவர்களில் மேரிலாந்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோகன் மூன்று பிரிவுகளையும் ஆதரித்தார். அவருடைய கட்சியில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவரே. ஆகஸ்டு 7-ந் தேதி அக்கட்சியின் பெரிய தலைவர்கள் கோல்டுவாட்டர், ஸ்காட், ரோட்ஸ் மூவரும் வெள்ளை மாளிகைக்குப் போய், சபையில் ஆதரவு கரைந்துவிட்டது என்று சொன்னார்கள். மறுநாள் நிக்ஸன் ராஜிநாமாவை அறிவித்தார்.

சரித்திரத்தில் அந்த மூன்று தலைவர்களின் யாத்திரை பிரசித்தம். ஆனால் அவர்கள் போனது கப்பல் மூழ்கியது நிச்சயமான பிறகு. ஹோகன் பேசியது, மூழ்குமா மூழ்காதா என்று தெரியாத நேரத்தில். அந்த வருஷமே அவர் மேரிலாந்து கவர்னர் பதவிக்குத் தம் கட்சியின் வேட்பாளராக நிற்க முயன்றார். கட்சியின் பூர்வாங்கத் தேர்தலிலேயே தோற்றுப்போனார். முன்னால் பேசினவனுக்குக் கிடைக்கிற சம்பளம் எங்கும் இதுதான்.

மறுபடி நம் நாடு. 2005 டிசம்பரில், கேள்வி கேட்பதற்கு எம்.பி.க்கள் பணம் வாங்குவதை ரகசியக் காமிரா படம் பிடித்து நாட்டுக்குக் காட்டியது. பதினோரு நாளில் இரு சபைகளும் பதினோரு பேரை வெளியேற்றின. ஆறு பேர் பாரதீய ஜனதா, மூவர் பகுஜன் சமாஜ், காங்கிரசில் ஒருவர், ராஷ்ட்ரீய ஜனதா தளத்தில் ஒருவர். ஐம்பத்து நான்கு வருஷத்துக்கு முந்திய முத்கல் விவகாரம் அப்போது முன்னுதாரணமாயிற்று. லோக்சபையில் ஓட்டெடுப்பின்போது பாரதீய ஜனதா வெளிநடப்புச் செய்தது. வெளியேற்றும் அதிகாரம் சபைக்கு உண்டென்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

வேகத்தைப் பாராட்டலாம். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பதினோரு பேரில் ஒருவரைக்கூட அவருடைய கட்சி கண்டுபிடிக்கவில்லை, காமிராதான் கண்டுபிடித்தது. காமிரா இல்லாத இடத்தில் என்ன நடந்தது? 1993-ல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் நரசிம்ம ராவ் சர்க்காரைக் காப்பாற்ற ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா அங்கத்தினர்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்பது வழக்கு. 1998-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் மூவர், லஞ்சம் வாங்கியபடி சபையில் ஓட்டளித்த அங்கத்தினரை அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு காக்கும் என்றார்கள். நரசிம்ம ராவ் கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்று, 2002-ல் டில்லி ஹைகோர்ட்டில் விடுதலையானார். அது வேறு கதை. நான் சொல்ல வந்தது இது: பணம் வாங்கி ஓட்டுப் போட்டவனுக்குப் பாதுகாப்பு என்ற அந்த நிலைமை இருபத்தாறு வருஷம் நீடித்தது. 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் ஒருமித்து அதை மாற்றினார்கள். இடையில் எத்தனையோ கட்சிகள் ஆண்டன. ஒருவரையொருவர் ஊழல்வாதி என்று எத்தனையோ மேடைகளில் ஏசிக்கொண்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க ஒரு திருத்தத்தை எவரும் நிறைவேற்றவில்லை. ஓட்டை எல்லோர் வீட்டுக் கூரைக்கும் பொதுவாக இருந்தது போலும்.

'பெரோஸ் காந்தி போல் ஒருவர் இன்று ஏன் இல்லை?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆட்களின் தரம் குறைந்துவிட்டது என்பது பாதிப் பதில். மற்றப் பாதி சட்டத்தில் இருக்கிறது. 1967-க்குப் பிறகு கட்சி தாவுவது ஒரு தொழிலாயிற்று. அதைத் தடுக்க 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டளித்தால் இன்று பதவி போகலாம். திருடனைப் பிடிக்கக் கட்டிய மதில் வீட்டுக்காரனையும் உள்ளே அடைத்துவிட்டது. ஹோகனைப் போல் ஒருவர் நம் சபையில் எழுந்தால், அடுத்த தேர்தல் வரைகூட அவர் காத்திருக்க வேண்டியதில்லை. தாவலைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கார் கவிழும் ஓட்டுக்கு மட்டும் கொறடாவை வைத்துக்கொண்டு, ஓர் அங்கத்தினரின் நடத்தை பற்றிய ஓட்டை மனசாட்சிக்கு விட்டுவிட்டால் என்ன நஷ்டம் என்றுதான் கேட்கிறேன்.

பெரோஸ் காந்தியைப் பற்றி இன்னொன்று. பார்லிமெண்டில் பேசியதைப் பத்திரிகைகள் அவதூறு வழக்குக்கு அஞ்சாமல் வெளியிட வகை செய்யும் சட்டத்தை 1956-ல் கொண்டுவந்தவர் அவரே. அவர் 1960-ல் காலமானார். நெருக்கடி நிலைமையின்போது 1976-ல் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. அப்போது பிரதமர் அவருடைய மனைவி. அடுத்த வருஷம் புதிய ஆட்சி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு படிகள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் முடித்தால் இந்தக் கட்டுரை அரைக் கட்டுரை.

சில வருஷங்களுக்கு முன் நான் ஓர் எழுத்தாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். பெரிய சங்கம் அல்ல. ஒரு நூலகமும் மாதக் கூட்டமும். பொக்கிஷதார் என் நெருங்கிய சிநேகிதர், நல்ல கவிஞர். நூலகக் கட்டட நிதியிலிருந்து பதினெட்டாயிரம் ரூபாயை எடுத்து மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டார். திருப்பி வைத்துவிடலாம் என்ற எண்ணம்தான். கணக்கில் அது தெரிந்ததும் வந்து சொன்னவன் சங்கத்தில் குமாஸ்தா வேலை பார்த்த இளைஞன். அவனுக்கு மாதச் சம்பளம் நான்காயிரம்.

நாங்கள் ஐந்து பேர் பின்னறையில் உட்கார்ந்து பேசினோம். ஒருவர், 'இது வெளியே போனால் நம் எதிர்க் கோஷ்டி சிரிக்கும்' என்றார். இன்னொருவர், 'இந்தப் பையனுக்கு இதில் என்ன அக்கறை? யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள்' என்றார். முடிவில், 'சங்கத்தின் நலன் கருதி விஷயத்தை உள்ளுக்குள் தீர்த்துக்கொள்வது' என்று ஒரு வாக்கியம் எழுதப்பட்டது. வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எழுதியவன் நான். பணம் ஏழு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. பொக்கிஷதார் பொக்கிஷதாராகவே இருந்தார். பையனை மட்டும் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அதே மாதம் ஒரு பத்திரிகையில் என் கட்டுரை வெளியாகியிருந்தது. ஒரு கட்சி தன் ஊழல் பேர்வழியை மூடி மறைத்ததைக் கண்டித்துக் காரசாரமாக எழுதியிருந்தேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. நான் எந்த முரண்பாட்டையும் உணரவில்லை. அது கட்சி, இது சங்கம். அவர் திருடன், இவர் சிநேகிதர்.

ஒரு வருஷத்துக்குப் பின் அந்தப் பையனைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஒரு புத்தகக் கடையில் வேலையாக இருப்பதாகச் சொன்னான். என்ன பேசுவது என்று தெரியாமல், "என் கட்டுரைகளெல்லாம் படிக்கிறாயா, தம்பி?" என்று கேட்டுவைத்தேன்.

"படிக்கிறேன், ஸார். அந்தக் கட்சி பத்தி எழுதினீங்களே, அதை டைப் அடிச்சுக் கொடுத்ததே நான்தானே, ஸார்" என்றான்.

குரலில் குத்தல் இருந்ததா என்று பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். இல்லை. நினைவூட்டினான்; அவ்வளவுதான். அவன் பஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் சங்கத்தில் அந்தத் தீர்மானத்தைத் திரும்ப எடுத்துப் பேசினேன், தாமதமாகத்தான். பொக்கிஷதார் விலகினார். என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டார். பையனுக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டோம். அவன் திரும்ப வேலைக்கு வரவில்லை.

ஆகவே கட்சிகளை விமரிசிக்கிற தகுதி எனக்குக் குறைவுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறிக்கைகள் எப்படிப் பிறக்கின்றன என்பது பின்னறையில் உட்கார்ந்து ஒன்றை எழுதினவனுக்குத் தெரியும். அங்கே யாரும் தன்னை அயோக்கியன் என்று நினைத்துக்கொள்வதில்லை. எல்லோரும் எதையோ காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள்: கட்சியை, சங்கத்தை, குடும்ப மானத்தை, இனத்தின் பெயரை. காப்பாற்றப்படுகிற பொருள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பொய்யை அது தாங்கும் என்று நம்புகிறோம். எங்கள் நூலகத்துக்குப் பதினெட்டாயிரத்தால் வந்த நஷ்டம் சொற்பம். பையன் போனதுதான் நஷ்டம். அவனுக்குப் பின் வருகிற குமாஸ்தா எந்தக் கணக்கையும் உற்றுப் பார்க்க மாட்டான்.

இப்போதெல்லாம் ஒரு கட்சியில் விவகாரம் வெடித்தால் நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். விஷயத்தை வெளியே சொன்னது யார், அந்தக் கட்சியா, வேறு எவராவதா? இதே செயலை எதிர்க் கட்சிக்காரர் செய்திருந்தபோது இவர்கள் என்ன தண்டனை கேட்டார்கள், இப்போது என்ன கொடுக்கிறார்கள்? கடைசியாக, புகார் சொன்னவர் இன்று எங்கே இருக்கிறார்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். குற்றவாளியைக் கட்சியை விட்டு நீக்குவது ஒரு நாள் காரியம். தேர்தல் முடிந்ததும் சேர்த்துக்கொள்ளவும் ஒரு நாள் போதும். குற்றத்தைச் சொன்னவர் வேலையோடும் மரியாதையோடும் அதே இடத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கட்சியின் படி சரியான படி.

போன வாரம் காப்பிக் கடையில் இந்த மூன்று கேள்விகளையும் இரண்டு பெரியவர்களிடமும் சொன்னேன். தலைமையாசிரியர், "நல்ல கேள்வி, எழுதுங்கோ" என்றார். மண்டிக்காரர் சற்று நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா, ஸார்? எங்க மண்டிக்கு முத்திரை ஆய்வாளர் சொல்லாம கொள்ளாம வருவார். கல்லை எடுத்துப் பார்ப்பார். அவர் வருவார்னு தெரியும்கிறதாலேதான் எங்களிலே பாதிப் பேர் கல்லை ஒழுங்கா வச்சிருக்கோம். கட்சிக்காரங்க கல்லை யார் வந்து பார்க்கிறது?"

"நாமதான் முதலாளி. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை" என்றார் தலைமையாசிரியர்.

"அப்படீன்னா, நம்ம கல்லை முதல்லே பார்த்துக்கணும்" என்றார் மண்டிக்காரர்.

கடைக்காரப் பையன் பேப்பரைக் கொண்டுவந்து போட்டான். முதல் பக்கத்தில் புதிதாக ஒரு விவகாரம். யாருடைய கட்சி என்று பார்க்க இருவரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பேப்பரை நான் எடுத்துக்கொண்டேன். என் கண்ணும் முதலில் தேடியது கட்சியின் பெயரைத்தான்.